கையில் உள்ள கயிறு

முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற ஊர் தூத்துக்குடி. பாண்டியரின் கடற்றுறையாக விளங்கிய கொற்கை, இந்நகருக்குத் தெற்கே, இன்று கடலை விட்டு விலகிய சிற்றூராய் அமைந்திருக்கிறது. வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியதும் தூத்துக்குடியிலேதான். அப்பெருமகனாரின் பெயரைத் தாங்கிய துறைமுகத்தில் இன்று பன்னாட்டுக் கப்பல்கள் வந்து தங்குகின்றன. நகரைச் சூழ்ந்த உப்பளங்களிலோ, வெண்ணிற உப்புக் குவியல்கள் வெயிலில் ஒளி வீசுகின்றன.

இந்நகரின் வடபால் உள்ள திரேஸ்புரம் என்னும் கடற்கரைப் பகுதியில் நான் பிறந்து வளர்ந்தேன். என் பாட்டனார் முத்துக் குளித்தவர். பின்னாளில் சங்கு குளித்துக் குடும்பத்தைக் காத்தவர். கல்லூரி மாணவனாக இருந்தபோது நான் செய்த பிழை ஒன்றையும், அப்பிழையை அவர் எனக்கு உணர்த்திய வகையையும் இங்கே எழுதுகிறேன். உங்களைப் போன்ற மாணவர்க்கு அது பயன்படும் என்று நம்புகிறேன்.

2020-ஆம் ஆண்டில் நான் இளங்கலை வகுப்பில் சேர்ந்தேன். பொருளியல் என் பாடம். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் என் பெயரைப் பதிவு செய்துகொண்டேன். காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவை ஒட்டி 1969-ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில், ஏறத்தாழ 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட திட்டம் அது. அத்திட்டத்தின் முகாம்களில் தெருவைத் தூய்மை செய்தோம், மரக்கன்று நட்டோம். ஆனால், முகாம் முடிந்த பின்னும் முடியாத பணி ஒன்று உண்டு என்பதை என் தெருவே எனக்குக் கற்பித்தது. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படித்த பிள்ளைகள் சிலர், மாலை வேளையில் தமக்குப் பாடம் சொல்லித் தருவார் இன்றித் திரிந்தனர். வலை வைக்கும் அறை ஒன்றை என் தந்தையார் ஒழித்துக் கொடுத்தார். அங்கே மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். முதலில் நால்வர் வந்தனர். ஒரு திங்களில் பதினொருவர் ஆயினர்.

அவ்வகுப்பை நடத்தும்போதுதான் என் அறியாமை எனக்குப் புலப்பட்டது. கணக்கைச் சொல்லித் தர எனக்குத் தெரியும். ஆனால், நேற்று வரை சிரித்துப் பேசிய சிறுவன் இன்று ஏன் வாய் திறவாமல் இருக்கிறான்? நன்றாகப் படிக்கும் பெண் ஏன் பள்ளிக்குச் செல்ல அஞ்சுகிறாள்? இவ்வினாக்களுக்கு என்னிடம் விடை இல்லை. இளைஞரின் உள்ளத்தையும் வாழ்க்கையையும் ஆராய்ந்து, அவர் உயர வழிகாட்டுவதற்கென்றே ஒரு துறை உண்டு என்பதை எங்கள் பேராசிரியர் ஒருவர் வழியாக அறிந்தேன். அதற்கு இளைஞர் மேம்பாடு என்று பெயர். அத்துறைக்கெனத் திருப்பெரும்புதூரில் 1993-ஆம் ஆண்டில் இராசீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் அமைக்கப்பெற்றது. நாடாளுமன்றம் 2012-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால் அது தேசியச் சிறப்பு வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியைப் பெற்றது. வளரிளம் பருவத்தாரின் உளவியல், அறிவுரை கூறும் முறை, தொழில் வழிகாட்டல், சமுதாயப் பணி, களப்பயிற்சி முதலியவை இத்துறையில் பயிலும் பாடங்கள். 2014-ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளோரை இளைஞர் என்று வரையறுத்தது. அந்த எல்லைக்குள் நானும் இருந்தேன்; என் மாணவர் சிலரும் இருந்தனர். இச்செய்தி என் ஆர்வத்தைப் பெருக்கியது.

2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஒரு செய்தி வந்தது. மாணவர் ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறை வகுத்தது என்பதே அச்செய்தி. வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாவிடின் இரண்டையும் கல்லூரிக்கு நேரில் சென்றே பயிலலாம். ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் பயிலலாம். இதைப் படித்ததும் என் உள்ளம் துள்ளியது. இளங்கலையின் மூன்றாம் ஆண்டைப் படிக்கும்போதே இளைஞர் மேம்பாட்டில் முதுகலையையும் தொடங்கிவிடலாம் என்று எண்ணினேன். மறுநாளே பேராசிரியரிடம் ஓடினேன்.

அவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு புன்னகை செய்தார். "தம்பி, ஒரு படிப்புக்கு உரிய தகுதியை அந்த விதி மாற்றவில்லை. முதுகலையில் சேர இளங்கலைப் பட்டம் வேண்டும். முன்பே ஒரு பட்டம் பெற்ற ஒருவர், முதுகலை ஒன்றையும் வேறு துறையில் இளங்கலை ஒன்றையும் ஒருங்கே பயிலலாம். நீயோ முதற்பட்டத்தையே இன்னும் முடிக்கவில்லை. அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், இளங்கலையின் இறுதிக் காலத்தில் முதுகலைப் பாடங்கள் சிலவற்றை முன்னரே பயில இடம் தருவதுண்டு. நம் நாட்டில் இரண்டையும் ஒன்றாக இணைத்த ஐந்தாண்டுப் படிப்புகள் உண்டு. உன் வழி அவ்விரண்டும் அன்று. ஓராண்டு பொறுத்திரு," என்றார்.

பொறுத்திருக்க என் மனம் இசையவில்லை. பட்டம் பதிவு செய்யத்தானே தடை? படிப்பதற்குத் தடை ஏது என்று எண்ணினேன். அத்துறையில் பயின்ற மாணவர் ஒருவரிடமிருந்து முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் நூல்களையும் பெற்று வந்தேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கிய நாள்முதல், பகலில் இளங்கலை மாணவனாகவும் இரவில் முதுகலை மாணவனாகவும் வாழ்ந்தேன். குறிப்பேடுகள் நிறைந்தன. கல்லூரியில் நண்பர்கள் என்னை வியந்து பேசினர். அந்த வியப்பு எனக்கு இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நாளுக்கு இருபத்துநான்கு மணிதான். இரவு மட்டும் போதாதாயிற்று, மாலையும் வேண்டியதாயிற்று. வாரத்தில் ஆறு நாள் நடந்த மாலை வகுப்பு மூன்று நாளாகக் குறைந்தது. பிறகு ஒரு நாளாயிற்று. திசம்பர்த் திங்களில் அந்த ஒரு நாளும் தவறத் தொடங்கியது. "தேர்வுக்குப் பின் முறையாக நடத்துவேன்," என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களும், "சரி அண்ணா," என்று சொல்லிச் சென்றனர். அறைக்கதவில் பூட்டுத் தொங்கியது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்ததும், உப்பளங்களில் வேலை தொடங்குவது எங்கள் ஊர் வழக்கம். பாத்திகளைச் சீர் செய்வர், உப்புநீரைப் பாய்ச்சுவர், வெயில் ஏற ஏற உப்புப் பூக்கும். அக்காலத்தில் ஒரு நாள் நள்ளிரவு வரை விழித்திருந்து, 'வளரிளம் பருவத்தார் பள்ளியை விட்டு விலகும் காரணங்கள்' என்னும் தலைப்பில் குறிப்பு எழுதினேன். வறுமை, கடன், ஒரு பாடத்தில் நேரும் தோல்வி, கேட்பார் இல்லாமை என்று காரணங்களை வரிசையாக எழுதி, அவற்றிற்கு எண்ணும் இட்டேன். குறிப்பு நன்றாக அமைந்துவிட்டது என்னும் நிறைவோடு உறங்கினேன்.

மறுநாள் காலையில் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, தெருமுனையில் என் மாலை வகுப்பு மாணவர் இருவரைக் கண்டேன். இருவரும் பத்தாம் வகுப்பினர். பள்ளிச் சீருடைக்கு மாறாகப் பழைய சட்டை அணிந்திருந்தனர். தலையில் துண்டு சுற்றியிருந்தனர். உப்பளத்திற்கு ஆள் ஏற்றும் வண்டிக்காகக் காத்து நின்றனர். எனக்கு நா எழவில்லை. அவர்களுள் ஒருவன்தான் பேசினான். "அரையாண்டுத் தேர்வில் கணக்கு வரவில்லை அண்ணா. மூன்று நாள் வந்து பார்த்தோம், கதவு பூட்டியிருந்தது. வீட்டிலும் கடன் இருக்கிறது. இனிப் போய் என்ன ஆகப் போகிறது?" என்றான். அவன் குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முந்திய இரவு நான் எண்ணிட்டு எழுதிய காரணங்கள் அனைத்தும் இரண்டு சிறுவர்களாக உருவெடுத்து என் முன் நின்றன. 'கேட்பார் இல்லாமை' என்று எழுதினேன் அன்றோ? அங்கே இருந்திருக்க வேண்டியவன் நானே.

அன்று கல்லூரிக்குச் செல்லவில்லை. கடற்கரையில் கவிழ்த்து வைத்த வள்ளம் ஒன்றின் நிழலில் அமர்ந்திருந்தேன். எண்பது வயதைக் கடந்த என் பாட்டனார் மெல்ல நடந்து வந்து என் அருகில் அமர்ந்தார். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்து, பின்பு பேசத் தொடங்கினார்.

"நான் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ஆம் ஆண்டில். அதற்குப் பின் இந்தக் கடலில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கல்லைக் காலில் கொண்டு, மூச்சை அடக்கி, பாருக்குள் இறங்குவோம். கீழே இருப்பது ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிப் பையில் இட வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றை இழுத்துக் காட்டுவோம். மேலே வள்ளத்தில் இருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பது என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்னும் நினைவு அவனுக்கு இருக்கும் அல்லவா?

"எனக்குக் கயிறு பிடித்தவர் உன் பாட்டியின் தமையனார். நல்லவர், வலிமை மிக்கவர். ஒரு நாள் அண்டை வள்ளத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. யாருக்கோ நல்ல சிப்பி கிடைத்ததாம். அதைப் பார்க்க அவர் ஒரு கணம் முகம் திருப்பினார். அந்தக் கணத்தில்தான் கீழிருந்து நான் கயிற்றை இழுத்தேன். இழுப்பு அவர் கைக்கு எட்டியது, கருத்துக்கு எட்டவில்லை. மறுமுறை இழுத்தேன். அப்போதுதான் தூக்கினார். மூக்கில் குருதி ஒழுக மேலே வந்தேன். அவர் தீயவர் அல்லர், தம்பி. தாமும் ஒரு நாள் முத்துக் குளிக்க வேண்டும் என்னும் ஆசை உடையவர். அந்த ஆசையும் தவறு அன்று. ஆனால், கையில் கயிறு இருக்கும்போது கண் வேறெங்கும் போகலாகாது."

நான் தலை குனிந்திருந்தேன். சிறிது நேரங்கழித்து, "அப்படியானால் முன்கூட்டிப் படிப்பதே தவறா, தாத்தா?" என்று கேட்டேன்.

"தவறு என்று நான் சொல்லவில்லை. முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன் அதிகாரிகள் பாரைச் சோதிப்பார்கள். கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து, அதில் கிடைக்கும் முத்தை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவார்கள். நான்கு ஆண்டு அளவுக்கு வளராத சிப்பியில் நல்ல முத்து இராது. அதனால் இளஞ்சிப்பி நிறைந்த பாரில் கை வைக்க மாட்டார்கள். அதற்காக நெடுங்காலம் சும்மா விட்டுவைத்தாலும் கேடுதான். திருக்கை மீன் தின்றுவிடும், மணல் மூடிவிடும், வயது முதிர்ந்த சிப்பி தானே மடிந்துபோகும். முந்துவதும் பிழை, பிந்துவதும் பிழை. சோதித்துப் பார்த்து இறங்க வேண்டும். நீ உன்னைச் சோதித்துப் பார்க்கவில்லை," என்றார்.

திருவள்ளுவர் 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். எழுத்தறியாத என் பாட்டனார் அதைக் கடலில் கற்றிருந்தார்.

அன்று மாலையே அறையின் பூட்டைத் திறந்தேன். முதுகலை நூல்களைக் கட்டிப் பரண்மேல் வைத்தேன். இரு சிறுவர்களின் வீட்டிற்கும் சென்றேன். முதலாமவனின் தாயார், "படிப்பு வராத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்டார். "படிப்பு வராதவன் அல்லன் அம்மா, சொல்லித் தர வேண்டியவன் வரவில்லை," என்றேன். பலமுறை சென்று பேசிய பின், பள்ளித் தலைமையாசிரியரும் துணை நிற்க, அவன் பள்ளிக்குத் திரும்பினான். நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டோம். 2023-ஆம் ஆண்டு ஏப்பிரலில் பொதுத்தேர்வு எழுதினான். கணக்கில் மட்டும் தேறவில்லை. அவன் சோர்ந்துவிடுவானோ என்று அஞ்சினேன். அவனோ, "சூன் மாதத் துணைத்தேர்வுக்கு எப்போது தொடங்குவோம் அண்ணா?" என்று கேட்டான். துணைத்தேர்வில் வெற்றி பெற்றான். இன்று தொழிற்பயிற்சி முடித்துத் துறைமுகத்தை அடுத்த பணிமனை ஒன்றில் வேலை செய்கிறான்.

மற்றவன் திரும்பி வரவில்லை. நான் சென்றபோதெல்லாம் அன்போடு பேசினான், அமரச் சொன்னான், ஆனால், வரவில்லை. உழைத்துப் பெற்ற கூலியைத் தாயின் கையில் கொடுத்துப் பழகிவிட்டான். அவனை இன்றும் காலை வேளையில் தெருமுனையில் காண்கிறேன். "நலமா அண்ணா?" என்று கேட்பான். உழைத்து வாழும் அவன் வாழ்வு இழிந்தது அன்று. உப்பு விளைவிப்பாரின் உழைப்பால்தான் நாம் உண்ணும் சோறு சுவை பெறுகிறது. ஆயினும், அவன் விரும்பித் தேர்ந்த வழி அன்று அது. அவனுக்கு வேறு வழியும் திறந்திருந்த காலத்தில் நான் கதவைப் பூட்டியிருந்தேன். எந்தப் பட்டத்தாலும் அந்தக் கடன் தீராது.

அவ்வாண்டே நான் இளங்கலையில் தேறி, இளைஞர் மேம்பாட்டுத் துறையில் முதுகலை மாணவனாகச் சேர்ந்தேன். முன்கூட்டிப் படித்தவை வீண் போகவில்லை; பாடங்கள் எளிதில் விளங்கின. ஆனால், அத்துறையின் முதற்பாடத்தை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. களப்பயிற்சி வகுப்பில், 'நீர் அறிந்த இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதுக' என்று சொன்னபோது, பூட்டிய கதவைப் பற்றியே எழுதினேன். முதுகலைப் படிப்பு எனக்கு உண்மையில் தொடங்கியது அந்தத் தெருமுனையில்தான். அப்போது நான் இளங்கலை மாணவன். இந்த வகையில், நான் விரும்பியது எனக்குக் கிடைத்தது. ஆனால், அதன் விலையை வேறொருவன் கொடுத்தான்.

தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ஆம் ஆண்டில், நம் நாட்டில் முதன்முதலாக வளர்ப்பு முறையில் முத்தை விளைவித்தனர். நலமும் வளர்ச்சியும் உடைய சிப்பியைத் தேர்ந்து, அதனுள் சிறு மணி ஒன்றையும் மற்றொரு சிப்பியின் மென்தோல் துணுக்கையும் பொருத்துவர். பின்பு கூட்டில் இட்டுக் கடலில் தொங்கவிடுவர். அத்துடன் வேலை முடிவதில்லை. பல திங்கள்வரை கூட்டைப் பார்த்து, ஒட்டும் பாசியையும் சிற்றுயிர்களையும் நீக்கி, காத்துவர வேண்டும். மணியைப் பொருத்துவது சில நிமிட வேலை, காப்பதே நெடும்பணி. பட்டம் பெறுவதற்கும் பணி செய்வதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் வயதுக்கு மிஞ்சிய ஆர்வம் உடையவராய் இருப்பீர்கள். மேல்வகுப்பு நூலை இன்றே படிக்க விரும்புவீர்கள். படியுங்கள், அறிவுக்கு யாரும் வேலி இட முடியாது. ஆனால், அடுத்த படியில் கால் வைக்குமுன், நிற்கும் படியில் உங்களை நம்பி நிற்பவர் எவர் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அது ஒரு தம்பியாக இருக்கலாம். உடன்படிக்கும் தோழியாக இருக்கலாம். நோயுற்ற தாயாராகவும் இருக்கலாம். உங்கள் கையில் ஒரு கயிறு இருக்கிறது. அதன் மறுமுனையில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மூழ்கியிருக்கிறார். அவர் இழுக்கும்போது உணர்ந்து தூக்கிவிடுங்கள். அதன்பின் நீங்கள் மூழ்குங்கள். உங்களுக்குக் கயிறு பிடிக்கவும் ஒருவர் இருப்பார்.